ரிம்முக்கு வேண்டாம், ரப்பருக்குச் செலவு பண்ணுங்க



இந்த வார எபிசோட்ல எலெக்ட்ரிக் கார் ரேஞ்ச் பத்திப் பேசும்போது, பெரிய சக்கரம் போட்டா ரேஞ்ச் குறையும்னு ஒரே வரியில சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவிட்டோம். அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டு பிராம்ப்டன்ல இருந்து ஒரு தம்பி கேள்வி அனுப்பியிருக்கார். அவர்கிட்ட இருக்கிறது செகண்ட்ஹேண்ட்ல வாங்கின டொயோட்டா ஜிஆர்86, பேஸ் மாடல், 17 இன்ச் சக்கரம். வார நாள்ல ஆபீஸ், மாசத்துக்கு ஒரு ஞாயிறு ஆட்டோகிராஸ். அதாவது காலி பார்க்கிங் மைதானத்துல கோன் வெச்சு, ஒரு நேரத்துல ஒரு வண்டியா, கடிகாரத்தோட மட்டும் போட்டி போடுற விளையாட்டு. "அண்ணா, பட்ஜெட் கம்மி. 19 இன்ச் செட் ஒண்ணு மலிவா வருது, டயரோட சேர்த்து. போட்டா வளைவுல வண்டி நல்லா பிடிக்கும்தானே?"

பிடிக்காது தம்பி. அந்தக் காசுக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கங்க.

உங்க டயர் பக்கத்துல 215/45 ஆர்17னு இருக்கும். 215 அகலம், மில்லிமீட்டர்ல. 45ங்கிறது அந்த அகலத்துல சைட்வால் உயரம் எத்தனை சதவீதம்ங்கிறது, அதாவது சுமார் 97 மிமீ. 17 ரிம்மோட விட்டம், இன்ச்சுல. ஒரே லேபிள்ல மில்லிமீட்டர், சதவீதம், இன்ச் மூணையும் கலந்து எழுதின புண்ணியவான் யாரோ தெரியல, ஆனா உலகம் முழுக்க இப்படித்தான். மொத்த விட்டம் கணக்குப் போட்டா 625 மிமீ வரும். தம்பிக்கு வந்த 19 இன்ச் செட்டுல டயர் 225/35. அதோட சைட்வால் 79 மிமீ, மொத்த விட்டம் 640.

இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. மொத்த விட்டம் 2.4 சதவீதம் கூடுது. கியர் எல்லாமே அந்த அளவுக்கு நீளமாகிடும், இழுவை குறையும். சைட்வால் 18 மிமீ குறையுது. மார்ச் மாசம் பனி உருகின உடனே டொராண்டோ ரோடு எப்படி வாயைப் பிளந்துட்டு நிக்கும்னு உங்களுக்கே தெரியும். அந்தப் பள்ளத்துக்கும் உங்க ரிம்முக்கும் நடுவுல இருக்கிற ஒரே மெத்தை அந்த சைட்வால்தான். அதுல அஞ்சுல ஒரு பங்கைக் காசு கொடுத்து வெட்டி எறியப் போறீங்க.

எடை இன்னொரு கதை. பொதுவா ரிம் பெருசானா எடை கூடும், அதுவும் மலிவான வார்ப்பு ரிம்மா இருந்தா கேக்கவே வேண்டாம். சக்கரத்துக்கு 2 கிலோ கூடினாலே நாலுக்கும் சேர்த்து 8 கிலோ. வெளி ஓரத்துல உக்காந்திருக்கிற எடையை முன்னாடி நகர்த்தினா மட்டும் போதாது, சுத்தவும் வைக்கணும். அதனால வேகம் எடுக்கும்போது அந்த எடை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா தெரியும். போதாததுக்கு, அது ஸ்பிரிங்குக்குக் கீழ தொங்குற எடை. ரோடு மேடுபள்ளமா இருந்தா டயரைத் தரையோட அழுத்தி வைக்கிற வேலை டேம்பருக்கு அவ்வளவு கஷ்டமாகிடும்.

நம்ம பாட்காஸ்ட் கேக்குறவங்களுக்கு இது புதுசு இல்ல. போன்ல மெகாபிக்சல் எண்ணைக் காட்டி விக்கிற அதே வித்தைதான் இது. சென்சார் எவ்வளவு பெருசு, லென்ஸ் எப்படின்னு யாரும் பாக்கிறதில்லை, பெட்டி மேல இருக்கிற பெரிய எண் கண்ணுல படுது. கார்ல அந்தப் பெரிய எண் ரிம் சைஸ். ஷோரூம்ல நிக்கும்போது வீல் ஆர்ச் நிறைஞ்சு அழகா இருக்கும், அதை நான் மறுக்கல. சைட்வால் கம்மியா இருந்தா ஸ்டியரிங் திருப்பின உடனே வண்டி திரும்புற மாதிரி ஒரு கூர்மை வரும், அதுவும் உண்மை. ஆனா கூர்மை வேற, பிடிப்பு வேற. பிடிப்பு வர்றது முதல்ல ரப்பர் கலவையில இருந்து, அப்புறம் அந்த ரப்பருக்குப் பொருத்தமான ரிம் அகலத்துல இருந்து. விட்டத்துக்கு இதுல பெரிய பங்கு இல்ல. பிரேக் காலிப்பர் உள்ள அடங்குற அளவுக்கு ரிம் பெருசா இருந்தா போதும்.

நான் சொல்றதை நம்ப வேண்டாம், ஹோண்டாவையே பாருங்க. சிவிக் டைப் ஆர் எஃப்கே8 மாடல் 245/30 ஆர்20 டயரோட வந்துச்சு. அதுக்கு அடுத்த எஃப்எல்5 மாடலுக்கு 265/30 ஆர்19 கொடுத்தாங்க. ரிம் ஒரு இன்ச் சின்னதாச்சு, டயர் 20 மிமீ அகலமாச்சு, சைட்வாலும் 6 மிமீ வளர்ந்துச்சு. தன்னோட வேகமான காருக்கே ஒரு கம்பெனி ரிம்மைக் குறைச்சு ரப்பரைக் கூட்டுதுன்னா அதுல ஏதோ இருக்கணும்ல?

"எஃப்1லயே 2022ல 13 இன்ச்ல இருந்து 18 ஆக்கிட்டாங்களே"ன்னு சிலர் கேப்பாங்க. ஆக்கினாங்க. ரோடு கார் டயரோட பொருந்திப் போகணும்ங்கிறது அதுக்கு ஒரு முக்கியக் காரணம். சக்கரம் கனமாச்சு, காரும் கனமாச்சு. அவங்க ஓட்டுற டிராக்ல எக்லிங்டன் அவென்யூ பள்ளமும் கிடையாது.

சரி, தம்பி என்ன பண்ணலாம்? முதல் வழி, ரிம்மைத் தொடவே வேண்டாம். பேஸ் ஜிஆர்86க்கு கம்பெனி போட்டுத் தர்றது மிஷெலின் பிரைமசி, அதாவது அமைதியா, ரொம்ப நாள் ஓடுற டூரிங் டயர். 2012ல வந்த முதல் தலைமுறை 86க்கும் இதே 215/45 ஆர்17 பிரைமசிதான், பிரியஸ்ல வர்ற அளவு. வண்டி குறைஞ்ச வேகத்துலயே வழுக்கி விளையாடணும்னு டொயோட்டா வேணும்னே செஞ்ச தேர்வு அது. ஆக, அதே ரிம்முல நல்ல சம்மர் டயர் ஒரு செட் போட்டாலே உங்க வண்டி வேற வண்டி ஆகிடும். 225/45ம் அந்த 7.5 இன்ச் அகல ரிம்முல உக்காரும்.

ரெண்டாவது வழி, காசு இருந்தா 17 இன்ச்சுலயே 8.5 அல்லது 9 இன்ச் அகலமான ரிம், அதுல 245/40. மொத்த விட்டம் 628 மிமீ, பழசுக்கும் இதுக்கும் அரை சதவீதம்கூட வித்தியாசம் இல்ல. கியர் மாறாது, ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, அகலம் மட்டும் 30 மிமீ கூடும். ஆஃப்செட் தப்பா இருந்தா ஃபெண்டர்லயோ ஸ்ட்ரட்லயோ உரசும், அதனால இதே காருக்கு ஏற்கெனவே பொருந்தின அளவைப் பார்த்து வாங்குங்க. போல்ட் வட்டம் 5க்கு 100, நடு ஓட்டை 56.1 மிமீ. ஓட்டை பெருசா இருக்கிற ரிம் வாங்கினா ஹப் ரிங் கேட்டு வாங்குங்க, இல்லைன்னா ஸ்டியரிங் நடுங்கும். ஜேடபிள்யூஎல், விஐஏ முத்திரை இல்லாத ரிம்மை எவ்வளவு மலிவா கொடுத்தாலும் தொடாதீங்க.

வாங்குறதுக்கு முன்னாடி கிளப் விதியைப் படிங்க. அமெரிக்க எஸ்சிசிஏவோட ஸ்ட்ரீட் பிரிவுல ரிம் அகலம் கம்பெனி கொடுத்த அளவுதான் இருக்கணும், டயரோட டிரெட்வேர் எண் 200க்குக் கீழ போகக்கூடாது. 9 இன்ச் ரிம் மாட்டின மறுநாளே தேர்ந்த ஆட்களோட பிரிவுக்குத் தள்ளிடுவாங்க. அந்த டிரெட்வேர் எண்ணையும் வேதவாக்கா எடுத்துக்காதீங்க. டயர் கம்பெனி தானே சோதிச்சு தானே போட்டுக்கிற மார்க் அது. ஒரு கம்பெனியோட 200ம் இன்னொரு கம்பெனியோட 200ம் ஒண்ணு இல்ல.

குளிர்காலத்துக்குத் தனி செட் வேணும், இதுல பேரமே இல்ல. சுமார் 7 டிகிரிக்குக் கீழ சம்மர் டயர் ரப்பர் விறைச்சுப் போகும். உறைபனியில ஒட்டுற வகை டயரை உருட்டினா வெடிப்பே விழலாம். குளிருக்கு 16 இன்ச்சுல 205/55 போடுங்க. விட்டம் 632, ஒரு சதவீதம்தான் கூட, குறுகலா இருக்கிறதால பனியை அறுத்துட்டுப் போகும், விலையும் கம்மி. பெரிய பிரெம்போ பிரேக் வந்த வண்டிக்கு மட்டும் 16 உள்ள போகாது. ஒன்டாரியோவுல 2016ல இருந்து விண்டர் டயருக்கு எல்லா இன்சூரன்ஸ் கம்பெனியும் தள்ளுபடி கொடுத்தாகணும், கேட்டு வாங்குங்க. கியூபெக்ல டிசம்பர் 1ல இருந்து மார்ச் 15 வரைக்கும் சட்டப்படியே கட்டாயம்.

என்னை உண்மையில உறுத்துறது ஆட்டோகிராஸ் நேரம் இல்ல. அந்த மலிவு 19 இன்ச் செட்டோட வர்ற, பேர் தெரியாத டயர். காசு ரிம்முல முடிஞ்சு போச்சு, மிச்சம் இருக்கிறதுல கிடைச்ச ரப்பர். மைதானத்துல அது வழுக்கினா ஒரு கோன் சாயும். நவம்பர் மழையில, 401ல, முன்னாடி போற வேன் திடீர்னு பிரேக் போட்டா அங்க கோன் இல்ல. அந்த நேரம் ரோட்டைத் தொட்டுட்டு இருக்கிறது உள்ளங்கை அளவு ரப்பர் நாலு, அவ்வளவுதான்.

டயர் மாத்துற வரைக்கும் தம்பி ஒரு வேலை செய்யலாம். ஓட்டுநர் கதவைத் திறந்தா உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். காலையில வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி, டயர் குளிர்ந்திருக்கும்போது, அதுல இருக்கிற காத்து அளவு நாலு டயர்லயும் இருக்கான்னு பாருங்க. கேஜ் ஒண்ணு வாங்க ஒரு வேளை சாப்பாட்டுச் செலவு கூட ஆகாது. அளந்து அனுப்புங்க தம்பி, அடுத்த எபிசோட்ல அலைன்மென்ட் பத்திப் பேசும்போது உங்க வண்டியில இருந்தே ஆரம்பிக்கலாம்.