உம்மாவைப் பார்க்கும் மகளை யார் பார்ப்பது?

 

"உம்மாவைப் பகலில் சில மணித்தியாலங்கள் வேறோரிடத்தில் விட்டால் அது பாவமாகுமா?" இந்தக் கேள்வியை நமது பெண்கள் வாய் திறந்து கேட்பதே அபூர்வம். கேட்பவர்களும் பாதிக் குரலில்தான் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டார் என்ன சொல்வார்களோ, கூடப் பிறந்தவர்கள் என்ன நினைப்பார்களோ, எல்லாவற்றுக்கும் மேலாக அல்லாஹ்விடம் என்ன பதில் சொல்வது என்ற அச்சம் அவர்களுக்கு. ஆகவே இம்மாதம் அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் இந்தக் கேள்வி எங்கிருந்து பிறக்கிறது என்று பார்ப்போம். பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்ட வாப்பா. அல்லது மறதி நோய் கண்டு, பெற்ற மகளையே "நீ யார் பிள்ளை?" என்று கேட்கும் உம்மா. காலையில் உடம்பைக் கழுவி உடுப்பு மாற்ற வேண்டும். பிரஷர், நீரிழிவுக் குளிசைகளை நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். கஞ்சியை ஊட்டினால் அரை மணி நேரம் போய்விடும். மலசலகூடத்துக்குத் தாங்கிப் பிடித்துப் போக வேண்டும். கண்ணை எடுத்தால் வாசலைத் திறந்து வீதிக்கு இறங்கிவிடும் ஆபத்தும் உண்டு. மறதி நோயாளர் பலருக்கு அஸருக்குப் பின் பொழுது சாயும்போது தடுமாற்றம் கூடும். இரவில் தூக்கம் வராது. அவர்கள் தூங்காவிட்டால் மகளுக்கும் தூக்கமில்லை. இதற்கிடையே பிள்ளைகளின் பாடசாலை, சமையல், கணவரின் தேவைகள். இது ஒரு வாரத்து வேலையல்ல. ஐந்து வருடம், பத்து வருடம் இப்படியே ஓடும் வீடுகள் உண்டு.

அல் இஸ்ரா அத்தியாயத்தின் 23, 24ஆம் வசனங்களை நாம் சிறு வயதிலிருந்தே கேட்டு வருகிறோம். முதுமையடைந்த பெற்றோரிடம் "சீ" என்ற ஒரு சொல்லும் வரலாகாது என்பது அதன் போதனை. ஆனால் அவ்வசனம் யாரை விளித்துப் பேசுகிறது என்பதை நாம் கவனிப்பது குறைவு. அது பிள்ளையை விளித்துப் பேசுகிறது. மகனும் பிள்ளை, மகளும் பிள்ளை. மருமகளை விளித்து அது பேசவில்லை. கணவனின் பெற்றோருக்குப் பணிவிடை செய்வது மருமகள் மீது மார்க்கம் சுமத்திய கடமையல்ல. அவள் செய்தால் அது அவளுடைய நற்குணம், அதற்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. கடமை மகனுடையது. மனைவி செய்வதைக் காட்டி "நான் உம்மாவைப் பார்க்கிறேன்" என்று சொல்லும் மகன், தன் கடனை இன்னொருவரைக் கொண்டு அடைத்துவிட்டு நன்றியும் சொல்லாதவனைப் போன்றவன்.

நமது ஊர்களில், விசேடமாகக் கிழக்கில், வீட்டைப் பெண்பிள்ளைக்குக் கொடுப்பது வழக்கம். பெற்றோரும் அந்த வீட்டிலேயோ அதை ஒட்டியோதான் கடைசிக் காலத்தைக் கழிக்கிறார்கள். "வீடு அவளுக்குத்தானே போயிற்று, அவளே பார்க்கட்டும்" என்று நானாமாரும் தம்பிமாரும் ஒதுங்கிக்கொள்ள இது ஒரு சாட்டாகிவிட்டது. வீடு சுவரும் கூரையுமாகக் கைமாறலாம். பெற்றோருக்குரிய கடமை அவ்வாறு கைமாறுவதில்லை. கட்டாரிலிருந்து மாதா மாதம் பணம் அனுப்புவதோடும் அது முடிந்துவிடாது. ஜனாஸா வீட்டில் வெளிநாட்டிலிருந்து வந்த மகனைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று ஆறுதல் சொல்வார்கள். எட்டு வருடம் உம்மாவின் ஈரத் துணியைத் துவைத்த மகள் அடுப்படியில் நிற்பாள். அவளிடம் ஒரு வார்த்தை பேச ஆள் இருக்காது.

இந்தப் பெண்களின் உடம்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்? தூக்கம் கெட்டு, இடுப்பு விட்டுப்போய், கோபம் மூக்கு நுனியில் நிற்கும் நிலைக்கு வந்தபின் அந்த "சீ" தானாகவே வாயில் வருகிறது. வந்தபின் இரவெல்லாம் அழுகிறார்கள். அவர்களைப் பழிப்பது எளிது. வசனம் தடுத்த அந்தச் சொல் வராதிருக்கும்படி அவர்களுக்கு ஓய்வைக் கொடுப்பதல்லவா நமது வேலை?

ஸல்மான் (ரலி) அவர்களும் அபூதர்தா (ரலி) அவர்களும் சம்பந்தப்பட்ட சம்பவம் புகாரியில் வருகிறது. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த தன் தோழரை ஸல்மான் (ரலி) தடுத்து, இறைவனுக்கு உள்ளது போலவே உடம்புக்கும் குடும்பத்துக்கும் உரிமை உண்டு என்று எடுத்துரைத்தார்கள். நபி (ஸல்) அவர்கள் ஸல்மான் சொன்னதே உண்மை என்று அங்கீகரித்தார்கள். வணக்கத்திலேயே உடம்பின் உரிமை பேணப்பட வேண்டுமென்றால் பணிவிடையில் அது எப்படி இல்லாது போகும்?

ஆகவே கேள்விக்கு நேரான பதில் இதுதான்: பெற்றோரைக் கைவிடுவது பாவம். நம்பிக்கையான கைகளில் பகலில் சில மணித்தியாலங்கள் ஒப்படைத்து, மாலையில் அன்போடு அழைத்து வந்து, இரவில் அருகில் இருப்பது கைவிடுதல் அல்ல. அது பராமரிப்பின் ஒரு பகுதி. முதியோர் இல்லத்தில் நிரந்தரமாகச் சேர்ப்பதும் இதுவும் ஒன்றல்ல. அங்கே படுக்கை மாறுகிறது. இங்கே படுக்கை வீட்டிலேயே இருக்கிறது.

இப்படியான பகல் பராமரிப்பு உலகில் புதியதல்ல. இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்டில் லயனல் கொசின் என்ற வைத்தியர் முதியோருக்கான பகல் வைத்தியசாலை ஒன்றை 1958இல் அதற்கென்றே கட்டிய கட்டடத்தில் திறந்தார். காலையில் வந்து சிகிச்சையும் பயிற்சியும் பெற்று மாலையில் வீடு திரும்பும் முறை அது. ஜப்பானில் 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியின் கீழ் இது சர்வ சாதாரணமாகிவிட்டது. காலையில் வாகனம் வீட்டு வாசலுக்கு வரும். நிலையத்தில் பிரஷர் பார்ப்பார்கள், குளிப்பாட்டுவார்கள், பகலுணவு கொடுப்பார்கள், கை கால்களுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். மாலையில் மீண்டும் வீடு. பெரும்பாலானோர் செலவில் பத்தில் ஒரு பங்கையே கட்டுகிறார்கள்.

நமது நாட்டிலும் முதியோர் தொகை வேகமாகப் பெருகுகிறது. 1981இல் நூற்றுக்கு 6.6 பேராக இருந்த அறுபது வயதைக் கடந்தோர் 2012 குடிசன மதிப்பீட்டில் 12.4 பேராகிவிட்டனர். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணிக்கக் கூடாதெனச் சொல்கிறது; பராமரிப்புக் கிடைக்காத பெற்றோர் முறையிட ஒரு சபையையும் ஏற்படுத்தியது. முதியோருக்கான தேசிய செயலகத்தின் ஆதரவில் பகல் நிலையங்களும் பல ஊர்களில் உள்ளன. ஆயினும் அவற்றில் கூடுவோர் பெரும்பாலும் தாமாக நடந்து வரக்கூடியவர்களே. தாங்கிப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியவர்களுக்கு இடம் மிகக் குறைவு. மறதி நோயாளருக்காக 2001இல் தொடங்கப்பட்ட லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேஷன் கொழும்பு 10இல் பகல் வேளைச் செயற்பாடுகளை நடத்துவதோடு குடும்பத்தாருக்கு ஆலோசனையும் வழங்குகிறது. கொழும்புக்குத் தொலைவில் உள்ளவர்கள் என்ன செய்வது?

இங்கேதான் நமது மகல்லாக்கள் சிந்திக்க வேண்டும். குர்ஆன் மத்ரஸா மண்டபங்கள் பல பிள்ளைகள் பாடசாலை விட்டு வரும்வரை பூட்டியே கிடக்கின்றன. வாரத்தில் இரண்டு நாட்கள், காலை எட்டரை முதல் லுஹர் தொழுது சாப்பிட்டு முடியும்வரை, எட்டுப் பத்து முதியவர்களுக்கு அதைத் திறந்து கொடுத்தால் என்ன? பெண்களுக்கு ஒரு நாள், ஆண்களுக்கு ஒரு நாள் என்று வைத்தால் மறைவுப் பிரச்சினையும் தீர்ந்துவிடும். படியில்லாத வாசல், பிடிகம்பி போட்ட உயரமான மலசலகூடம், கைபிடியுள்ள கதிரைகள், சாய்ந்துகொள்ள இரண்டு கட்டில்கள் வேண்டும். கூலி கொடுத்து அமர்த்திய, பயிற்சி பெற்ற இரண்டு பெண்களாவது வேண்டும். ஆண்கள் வரும் நாளில் ஆண் உதவியாளர்கள். எல்லாவற்றையும் "ஸவாபுக்காக" என்று சொல்லி மீண்டும் பெண்களின் தலையிலேயே கட்டிவிடக் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு கொப்பியில் நோய், குளிசை, நேரம், வீட்டுத் தொலைபேசி இலக்கம் எழுதியிருக்க வேண்டும். அழைத்து வர ஒரு ஆட்டோவை மாதக் கணக்கில் பேசிக்கொள்ளலாம். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்தால் அரசின் உதவி எதுவரை கிடைக்கும் என்பதை அறியலாம். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய வைத்தியசாலை வக்பு வருமானத்தில் நடந்தது. வக்பு சொத்துள்ள நமது பள்ளிவாசல்களுக்கு இது முன்மாதிரி.

முற்றிலும் படுக்கையில் உள்ளவர்களை இப்படிக் கொண்டுபோக இயலாது. இரண்டு மணித்தியாலங்களுக்கு ஒரு தடவை அவர்களைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். அப்படியான வீடுகளுக்கு ஆள் போக வேண்டும். உறவுக்காரப் பெண் ஒருத்தி வாரத்தில் ஒரு காலைப் பொழுது போயிருந்தால், பார்ப்பவள் நிம்மதியாகத் தூங்கவோ தன் கிளினிக்குக்குப் போய்வரவோ முடியும். நோய் விசாரிக்கப் போகும் நாமெல்லாரும் பழமும் பிஸ்கட்டும் கொண்டுபோகிறோம். இரண்டு மணி நேரத்தைக் கொண்டுபோவோர் எத்தனை பேர்?

ஆண்மக்களுக்கு ஒரு வார்த்தை. வாப்பாவின் உடம்பைக் கழுவுவது மகனுக்குரிய வேலை. மகளையோ மருமகளையோ அதற்கு ஏவுவது அழகல்ல. உம்மாவைப் பெண்களே கழுவட்டும். ஆனால் இரவில் விழித்திருக்க, கிளினிக்கில் வரிசையில் நிற்க, சோறு ஊட்ட, கைபிடித்து நடத்த மகனுக்கு என்ன தடை? வெளிநாட்டில் இருப்பவர் கூலிக்கு ஒரு பெண்ணை அமர்த்திக் கொடுக்கலாம்.

பார்ப்பவர்களின் மனதை அரிக்கும் இன்னொரு விடயம், உம்மாவின் தொழுகையும் நோன்பும். எழ முடியாதவர் இருந்தோ படுத்தோ தொழலாம். தண்ணீர் தீங்கு செய்யுமென்றால் தயம்மும் உண்டு. நோன்பு நோற்க இயலாத வயோதிபர் ஒரு நோன்புக்கு ஒரு முத்து வீதம் தானியம் கொடுத்தால் போதும். மறதி நோயால் புத்தியே தடுமாறிவிட்டவர் மீது தொழுகையும் நோன்பும் கடமையல்ல. அவர் ரக்அத்தை மறந்ததற்காக நீங்கள் கலங்க வேண்டாம், அவரை அதட்டவும் வேண்டாம்.

சகோதரிகளே! உம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண் உங்கள் வீட்டில் இருந்தால், நாளைக் காலை அவளை ஓரிடத்தில் அமர்த்தி, "இன்று லுஹர்வரை நான் பார்க்கிறேன், நீ தூங்கு" என்று சொல்லுங்கள். அந்தப் பெண் நீங்களாகவே இருந்தால், நானாவையும் தம்பியையும் அழைத்து எந்த நாள் யாருடையது என்று இந்த வாரமே எழுதிக்கொள்ளுங்கள். கேட்பது வெட்கமல்ல. அவர்களுடைய உம்மாவைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள்.

வஸ்ஸலாம்.