பொய்சாட்சி சொல்லும் பிக்சல்கள்

சாணக்யபுரியின் தெருவிளக்குகளுக்குத் தப்பித் தெரியும் நட்சத்திரங்களை எண்ணக் கைவிரல்கள் போதும். நம் வானியலாளர்கள் லடாக்கின் ஹான்லேவுக்குப் போவது சும்மா இல்லை. பூமியின் காற்றே வேண்டாம் என்பவர்கள் டெலஸ்கோப்பை விண்வெளிக்கு அனுப்புகிறார்கள். 2021 டிசம்பர் 25-ல் கிளம்பிய ஜேம்ஸ் வெப்பின் படங்களைப் பார்த்து வியக்காதவர்கள் குறைவு. அதன் கண்ணில் எத்தனை புள்ளிகள் பழுது என்று கேட்டவர்கள் அதைவிடக் குறைவு.

வெப்பில் உள்ள 18 அகச்சிவப்பு உணர்விகளில் 15, தலா 2048-க்கு 2048 பிக்சல்கள் கொண்டவை. அதாவது ஒவ்வொன்றிலும் சுமார் 42 லட்சம். அத்தனையும் யோக்கியமாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. சில பிக்சல்கள் வெளிச்சம் பட்டாலும் வாய் திறக்காது. வேறு சில கும்மிருட்டிலும் ஒளியைக் கண்டதாகச் சாதிக்கும். இந்த இரண்டாவது ரகத்துக்கு 'ஹாட் பிக்சல்' என்று பெயர். இதைச் 'சூடான பிக்சல்' என்று தமிழாக்கினால் வாசகர் தெர்மாமீட்டரைத் தேடுவார். 'பொய்சாட்சி' என்பது என் சிபாரிசு. ஊமையைவிட இதுதான் ஆபத்து. இல்லாத நட்சத்திரத்தை உண்டாக்கிவிடும்.

ஒளியே விழாமல் தடுத்து நீண்ட நேரம் படமெடுத்தால் பொய்சாட்சிகள் பிடிபடும். சீரான ஒளியைப் பாய்ச்சினால் ஊமைகள் தெரியும். சிக்கல் நடுவில் இருப்பவற்றோடுதான். அண்டை பிக்சலைவிட எவ்வளவு விலகினால் குற்றவாளி? கண்டிப்பு கூடினால் நல்லவையும் ஒதுக்கப்படும். தளர்ந்தால் பொய் உள்ளே நுழையும்.

இது வெறும் கணக்குப் பிள்ளை வேலை அல்ல. வெப்புக்காகத் தயாராக இருந்த சில உணர்விகளை 2010-ல் மறுபடி சோதித்தபோது பொய்சாட்சிகள் பெருகியிருந்தன. உழைத்துத் தேய்ந்தவை அல்ல, அறை வெப்பநிலையில் சும்மா கிடந்தே கெட்டவை. நாசாவின் விசாரணைக் குழு காரணத்தைக் கண்டது: பிக்சலை மின்சுற்றோடு இணைக்கும் இண்டியம் உலோகம், தடுப்புப் படலத்தைத் தாண்டி உள்ளே ஊடுருவியிருந்தது. வடிவமைப்பிலேயே கோளாறு. திருத்திய வடிவமைப்பில் புதிய உணர்விகள் செய்து மாற்றினார்கள்.

மாற்றாமல் அனுப்பியிருந்தால்? ஹான்லேயில் 2013-ல் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தார் பொருத்திய அகச்சிவப்புக் கருவியில் கோளாறு என்றால் ஜீப் ஏறிப் போய்ப் பார்க்கலாம். ஹப்பிளைப் பழுது பார்க்க விண்வெளி வீரர்கள் ஐந்து முறை போனார்கள். வெப் இருப்பது 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி. அங்கே எந்த மெக்கானிக்கும் போக முடியாது. காஸ்மிக் கதிர்கள் வேறு விடாமல் தாக்குகின்றன. அதனால் பழுதுப் பட்டியலை அவ்வப்போது புதுப்பிக்கிறார்கள். டெலஸ்கோப்பை இம்மி இம்மியாக நகர்த்தி, ஒரே நட்சத்திரத்தை வெவ்வேறு பிக்சல்களில் விழவைத்துப் பல படங்கள் எடுக்கிறார்கள். ஒன்று ஊமையானாலும் பக்கத்தில் இருப்பது சாட்சி சொல்லும்.