பொய் வழக்குக்கு யார் பொறுப்பு?

திருவனந்தபுரத்தை அடுத்த வலியமலையில் உள்ள இஸ்ரோவின் திரவ உந்து அமைப்பு மையத்தில் கிரையோஜெனிக் திட்டத்துக்குப் பொறுப்பேற்றிருந்த விஞ்ஞானி நம்பி நாராயணன், 1994 நவம்பர் 30-ம் தேதி கேரள போலீஸாரால் கைது செய்யப்பட்டார். ராக்கெட் ரகசியங்களை மாலத்தீவுப் பெண்கள் இருவர் மூலம் பாகிஸ்தானுக்கு விற்றார் என்பது குற்றச்சாட்டு.

விற்பதற்கு அன்று இந்தியாவிடம் என்ன இருந்தது என்று எவரும் கேட்கவில்லை. கிரையோஜெனிக் என்ஜினைப் பெற 1991-ல் சோவியத் நிறுவனமான கிளாவ்காஸ்மாஸுடன் இஸ்ரோ ஒப்பந்தம் செய்திருந்தது. அமெரிக்காவின் நெருக்குதலால் 1993-ல் ரஷியா பின்வாங்கி, என்ஜின்களை மட்டும் தருவதாகவும் தொழில்நுட்பத்தைத் தர இயலாது என்றும் கூறிவிட்டது. உள்நாட்டு கிரையோஜெனிக் என்ஜினுடன் ஜிஎஸ்எல்வி வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரியில்தான். கையில் இல்லாத பொருளைத் திருடி விற்றதாக ஒரு வழக்கு! அதனை நாள்தோறும் கதைகதையாக எழுதிய பத்திரிகைகளும் தங்கள் பங்கை மறைத்துவிட முடியாது.

நாகர்கோவிலில் பிறந்து, மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பயின்றவர் நம்பி நாராயணன். பிரெஞ்சுத் தொழில்நுட்பத்தின் அடிப்படையில் விகாஸ் என்ஜினை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர். 2008-ல் சந்திரயானைச் சுமந்து சென்ற பிஎஸ்எல்வியின் இரண்டாம் கட்டத்தை இயக்கியது அந்த என்ஜின்தான். அவரோ 50 நாள்கள் சிறையில் இருந்தார்.

குற்றச்சாட்டில் உண்மையில்லை என்று 1996-லேயே சிபிஐ கூறிவிட்டது. விசாரித்த அதிகாரிகளின் தவறுகளையும் சுட்டிக்காட்டியது. ஆனால், கேரள அரசு மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. அதனை 1998-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் பிறகும் அதிகாரிகள் மீது நடவடிக்கை தேவையில்லை என்று 2011-ல் மாநில அரசு முடிவெடுத்தது. இடதுசாரிகளின் ஆட்சியானாலும் காங்கிரஸ் அணியின் ஆட்சியானாலும் இதில் வேறுபாடு இருக்கவில்லை என்பதே வேதனைக்குரியது.

இந்தக் கைது தேவையற்றது என்று 2018 செப்டம்பர் 14-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, ரூ.50 லட்சம் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2020-ல் கேரள அரசு மேலும் ரூ.1.3 கோடி வழங்கியது. இவை அனைத்தும் மக்களின் வரிப்பணம். வழக்கைப் புனைந்தவர்களின் சட்டைப் பையிலிருந்து வந்தவை அல்ல. வழக்கின் கதை 2022-ல் திரைப்படமாகவே வந்துவிட்டது. முன்னாள் அதிகாரிகள் மீது சிபிஐ குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ததோ 2024-ல்.

இவ்வழக்கில் சிக்கியவர் நம்பி நாராயணன் ஒருவர் மட்டுமல்ல. மாலத்தீவைச் சேர்ந்த மரியம் ரஷீதா மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக இந்தியச் சிறையில் இருந்தார். பௌசியா ஹசன் 2022-ல் காலமானார். கிளாவ்காஸ்மாஸின் இந்தியப் பிரதிநிதியாக இருந்த சந்திரசேகர், 2018 தீர்ப்பு வெளியானபோது நினைவிழந்த நிலையில் இருந்தார். இரண்டே நாள்களில் உயிரிழந்தார். 1998-ல் வழக்குச் செலவாக வழங்கச் சொன்ன தலா ரூ.1 லட்சத்துடன் இவர்களுக்கான கணக்கு முடிந்துவிட்டதா என்பதை மத்திய அரசும் கேரள அரசும் தெளிவுபடுத்த வேண்டும். எஞ்சியிருப்பவர்கள் உயிருடன் இருக்கும்போதே அந்தப் பதில் வர வேண்டும்.