கறை பட்டவுடன் என்ன செய்வது?

சென்ற மாதம் மழைக்காலத்தில் அரிசி, பருப்பைப் பாதுகாக்கும் முறைகளைப் பார்த்தோம். இந்த மாதம் துணிகளில் படியும் கறைகளைப்பற்றிச் சிந்திப்போம். இதை எழுதத் தூண்டியது எங்கள் கட்டிடத்தில் நடந்த ஒரு சம்பவம். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருமணமாகி மும்பைக்கு வந்த ஓர் இளம் சகோதரி எங்களுக்கு அடுத்த அறையில் குடியிருக்கிறாள். ஒரு சனிக்கிழமை மாலை, மறுநாள் ஆராதனைக்கு உடுத்துவதற்காக எடுத்து வைத்திருந்த வெள்ளைப் பருத்திச் சேலையில் சாம்பார் சிந்திவிட்டது. அது அவளுடைய தாயார் ஊரிலிருந்து வாங்கிக் கொடுத்தனுப்பிய சேலை. உடனே கட்டிச் சோப்பை எடுத்துத் தேய்த்தாள். மஞ்சளாயிருந்த கறை இரத்தச் சிவப்பாய் மாறிற்று. சேலையே பாழாயிற்று என்று பயந்து, வாளியில் சேலையைப் போட்டு வெள்ளைத் துணிக்கான ப்ளீச் திரவத்தை ஊற்றினாள். ஐந்து நிமிடங்கூடப் பொறுக்க மனமில்லாமல், கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் அதே வாளியில் ஊற்றிவிட்டாள். சன்னல் இல்லாத சிறிய குளியலறை, கதவும் சாத்தியிருந்தது.

இருமல் சத்தம் கேட்டு நாங்கள் ஓடிப்போனபோது, அவள் கண்ணைத் திறக்கமாட்டாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே இழுத்து வந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இரண்டு நாட்கள் அங்கே இருந்து சுகமாய் வீடு திரும்பினாள். சேலையோ இழை நைந்து, தொட்ட இடமெல்லாம் கிழிந்தது.

இதில் மிகவும் வருத்தமான காரியம் என்ன தெரியுமா? அந்தக் கறைக்கு ப்ளீச்சும் தேவையில்லை, ஆசிட்டும் தேவையில்லை. சோப்பும் வெயிலுமே போதும். கறை துணியைக் கெடுப்பதைவிட, கறையைக் கண்ட பதற்றத்தில் நாம் செய்கிற காரியங்களே அதிகமாய்க் கெடுக்கின்றன. ஆகையால் கையில் கிடைத்ததை ஊற்றுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கப் பழகுவோம்: இது என்ன கறை?

நான்கு பொது விதிகள்

முதலாவது, கறை ஈரமாயிருக்கும்போதே கவனியுங்கள். சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் கறை பரவும், இழைக்குள்ளும் இறங்கும்.

இரண்டாவது, என்ன கறை என்று தெரியாவிட்டால் குளிர்ந்த தண்ணீரிலேயே தொடங்குங்கள். துணியின் உட்புறத்திலிருந்து தண்ணீரை விட்டால், கறை வந்த வழியாகவே வெளியேறும். இரத்தம், பால், முட்டை ஆகியவற்றில் புரதம் உண்டு. முட்டை வெந்து கெட்டியாவதைப்போல, சுடுநீர் பட்டால் இந்தக் கறைகளும் இழையிலேயே இறுகிவிடும்.

மூன்றாவது, கறை முற்றிலும் போகும்வரை இஸ்திரி போடாதீர்கள். துணி ஈரமாயிருக்கும்போது கறை கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். காய்ந்தபின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டே இஸ்திரிப் பெட்டியை எடுங்கள்.

நான்காவது, எந்த மருந்தையும் முதலில் மடிப்பின் உட்புறத்தில் ஒரு துளி விட்டுச் சோதியுங்கள். சட்டையின் உள்ளே தைத்திருக்கும் சிறு பட்டியையும் பாருங்கள். முக்கோணத்தின்மேல் பெருக்கல் குறி இருந்தால் எந்த ப்ளீச்சும் கூடாது. தொட்டிக்குள் கை வரைந்திருந்தால் கையால் மட்டுமே துவைக்கவேண்டும். இஸ்திரிப் பெட்டிப் படத்தில் ஒரு புள்ளி குறைந்த சூட்டையும், இரண்டு புள்ளி நடுத்தரச் சூட்டையும், மூன்று புள்ளி அதிகச் சூட்டையும் குறிக்கும்.

கறைக்கேற்ற முறைகள்

மஞ்சள்: மஞ்சளிலுள்ள நிறப்பொருள் காரமான சோப்புப் பட்டவுடன் சிவப்பாகும். இதைக் கண்டு பயப்படவேண்டாம். நன்றாய் அலசினால் மறுபடியும் மஞ்சளாகும். இந்த நிறம் தண்ணீரில் எளிதில் கரையாது, எண்ணெயோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் விட்டு மெதுவாய்க் கசக்கி எண்ணெயைப் போக்குங்கள். பின்பு ஈரத்தோடு நல்ல வெயிலில் காயப்போடுங்கள். வெயில் மஞ்சளின் நிறத்தை அழித்துவிடும். ஒரு நாளில் போகாவிட்டால் மறுநாளும் நனைத்துப் போடுங்கள். சாயத் துணியானால் அதிக நேரம் விடவேண்டாம். அதன் நிறமும் வெளுக்கும்.

இரத்தம்: குளிர்ந்த தண்ணீரில் சிறிது உப்புப் போட்டு அரைமணி நேரம் ஊறவைத்து, பின்பு சலவைத் தூளால் துவையுங்கள். வெள்ளைப் பருத்தியில் பழைய கறை இருந்தால், மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சில துளிகள் விடலாம். 3 சதவீதக் கரைசல் போதுமானது. 6 சதவீதமானால் சம அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். நுரை அடங்கியபின் அலசிவிடுங்கள். பட்டு, கம்பளித் துணிகளில் இதைப் பயன்படுத்தாதீர்கள்.

தேநீர், காப்பி: உடனே குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். கட்டிச் சோப்பை நேரே தேய்த்தால் இவ்வகைக் கறை நிலைத்துவிடக்கூடும். சலவைத் தூள் கரைசலே நல்லது. பால் சேர்ந்த தேநீரானால் குளிர்ந்த நீரில் பாலைப் போக்கியபின்னரே வெதுவெதுப்பான நீருக்குப் போகவேண்டும்.

திராட்சரசம்: கர்த்தருடைய பந்தியின்போது கைதவறி வெள்ளை உடையில் சிந்துவது நமக்குப் புதிதல்ல. திராட்சையின் நிறம் புளிப்பில் சிவப்பாகவும், சோப்பின் காரத்தில் நீலமாகவும் மாறும். சோப்புப் போட்டவுடன் கறை நீலம் பாரிப்பது இதனாலேயே. ஆகவே சோப்புக்கு முன் குளிர்ந்த தண்ணீரில் பலமுறை அலசி, வினிகரோ எலுமிச்சைச் சாறோ தடவிப் பத்து நிமிடம் வைத்து, மறுபடியும் அலசி, அதன்பின் சலவைத் தூளில் ஊறவையுங்கள். சபையில் இருக்கும்போது நேர்ந்தால், கைக்குட்டையால் ஒற்றி, தண்ணீர் தொட்டு ஈரமாகவே வைத்திருங்கள்.

எண்ணெய்: முகத்துக்குப் பூசும் பவுடரைத் தாராளமாய்த் தூவிக் கால்மணி நேரம் விடுங்கள், அது எண்ணெயை உறிஞ்சும். தட்டிவிட்டு, பாத்திரம் கழுவும் திரவம் தடவி, துணி தாங்கக்கூடிய வெதுவெதுப்பான நீரில் துவையுங்கள். வேலைத்தளத்து கிரீஸ் கறைக்கும் இதுவே வழி. ஆனால் இரண்டு மூன்று முறை செய்யவேண்டியிருக்கும்.

பேனா மை: பந்துமுனைப் பேனாவின் மை தண்ணீருக்கு அசையாது, ஸ்பிரிட்டில் கரையும். கறையின் அடியில் பழைய துணியை மடித்து வைத்து, பஞ்சில் ஸ்பிரிட் அல்லது கைச் சுத்திகரிப்புத் திரவம் தொட்டு ஒற்றுங்கள். மை அடித்துணிக்கு இறங்க இறங்க அதை மாற்றுங்கள். இவை இரண்டும் தீப்பற்றக்கூடியவை. சமையலும் படுக்கையும் ஒரே அறையில் இருக்கும் வீடுகளில், அடுப்பை அணைத்துவிட்டே இந்த வேலையைச் செய்யுங்கள்.

துரு: ஆணியிலிருந்தும், இரும்புச்சத்துள்ள ஆழ்குழாய்த் தண்ணீரிலிருந்தும் வரும் செம்பழுப்புக் கறைக்கு ஒருபோதும் ப்ளீச் ஊற்றாதீர்கள், கறை இன்னும் ஆழமாகும். எலுமிச்சைச் சாறும் உப்பும் கலந்து தடவி, வெயிலில் வைத்து, காயுமுன் அலசுங்கள். வெள்ளைப் பருத்திக்கு இது ஏற்றது. சாயத் துணியில் சோதித்தபின் செய்யுங்கள்.

வியர்வை: அக்குளில் படியும் மஞ்சள் கறைக்கு ஆப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, அரைமணி நேரம் கழித்துத் துவையுங்கள். ப்ளீச் இதை இன்னும் மஞ்சளாக்கக்கூடும். கடையில் கேட்கும்போது ஆப்பச்சோடா வேறு, சலவைச் சோடா வேறு என்பதை மறவாதீர்கள். சலவைச் சோடா கையை அரிக்கும். பட்டையும் கம்பளியையும் கெடுக்கும்.

பூசணம்: ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் குடியிருப்பவர்களுக்கு அலமாரிக்குள் வரும் கரும்புள்ளிகளைப்பற்றிச் சொல்லவேண்டியதில்லை. துணியை வீட்டுக்கு வெளியே உதறி, பிரஷால் தட்டிவிட்டுத் துவையுங்கள். வெள்ளைப் பருத்திக்கு மட்டும் ப்ளீச்சைப் புட்டியில் சொல்லியுள்ள அளவில் தண்ணீரில் கலந்து பயன்படுத்தலாம். அரைகுறையாய்க் காய்ந்த துணியை மடித்து வைக்காதிருப்பதே சிறந்த மருந்து.

உயிரைக் காக்கும் எச்சரிக்கை

இந்தப் பகுதியை மட்டும் வீட்டிலுள்ள யாவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். ப்ளீச் திரவத்தோடும் ப்ளீச்சிங் பவுடரோடும் கழிப்பறை ஆசிட், வினிகர், எலுமிச்சை ஆகிய எந்தப் புளிப்புப் பொருளையும் சேர்க்கக்கூடாது. சேர்த்தால் குளோரின் என்னும் நச்சுவாயு கிளம்பும். அது நுரையீரலைத் தாக்கும். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவங்களோடு சேர்த்தாலும் வேறு நச்சுவாயு உண்டாகும். ஒன்றைப் பயன்படுத்தியபின் இன்னொன்று தேவையென்றால், துணியையும் வாளியையும் பலமுறை அலசிவிட்டு மறுநாள் செய்யுங்கள். கதவைத் திறந்து வைத்தே ப்ளீச்சைக் கையாளுங்கள்.

தவறி வாயு கிளம்பிவிட்டால், வாளியைத் தூக்க முயலாமல் உடனே வெளியேறி நல்ல காற்றுக்கு வாருங்கள். கண் எரிந்தால் சுத்தமான தண்ணீரால் நெடுநேரம் கழுவுங்கள். மூச்சுத் திணறலோ விடாத இருமலோ இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை அழைக்கலாம்.

இன்னொன்று: ப்ளீச்சையோ ஆசிட்டையோ தண்ணீர்ப் புட்டியிலும் குளிர்பானப் புட்டியிலும் ஊற்றி வைக்காதீர்கள். ஒற்றை அறை வீட்டில் எல்லாம் பிள்ளைகளின் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. தாகத்தோடு விளையாடி வரும் பிள்ளைக்குப் புட்டியின் உள்ளே இருப்பது என்னவென்று தெரியாது. வாங்கிய புட்டியிலேயே, மூடியை இறுக்கி, உயரத்தில் வையுங்கள்.

இனி ஒரு சிறிய ஆலோசனை. ஒரு பழைய டப்பாவில் உப்பு, ஆப்பச்சோடா, வினிகர், முகப் பவுடர், பாத்திரம் கழுவும் திரவம், சிறிது பஞ்சு, ஒரு பழைய பல் பிரஷ் ஆகியவற்றை ஆயத்தமாய் வைத்துக்கொள்ளுங்கள். குழாயில் காலையில் மட்டுமே தண்ணீர் வரும் வீடுகளில், கறைக்கென்று ஒரு சிறு குடம் குளிர்ந்த தண்ணீரையும் எப்போதும் நிரப்பி வையுங்கள். பெரும்பாலான கறைகளுக்கு இவையே போதும். இவற்றுக்கும் அசையாத கறையோடு பட்டுச் சேலை இருந்தால், நம்பகமான சலவைக் கடையில் கொடுத்து, அது என்ன கறை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அடுத்த அறைச் சகோதரி இப்போது நலமாயிருக்கிறாள். அவளுடைய தாயாருக்குச் செய்தி தெரிந்தபோது, சேலையைப்பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லையாம். "உனக்கு மூச்சு சரியாயிருக்கிறதா, மகளே?" என்றுதான் தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். கறை பட்ட துணியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நாமும் அந்தக் கேள்வியை நினைத்துக்கொள்வோம். கறையோடிருக்கும் சேலையை நாளைக்கும் துவைக்கலாம்.

உங்கள் வீட்டில் பலன் தந்த எளிய முறைகள் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். மற்றச் சகோதரிகளுக்கும் உதவியாயிருக்கும். அடுத்த மாதம் குறைந்த தண்ணீரில் துணி துவைப்பதைப்பற்றிப் பார்ப்போம்.