தாத்தாவின் முகம் எங்கே?

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் காலமானார். வாசலில் பந்தல் போட்டாயிற்று. உறவினர்கள் வந்துவிட்டார்கள். மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டும். படம் எங்கே?

படத்துக்கா பஞ்சம்? ஆயிரக்கணக்கில் இருந்தன! பேத்தியின் பிறந்த நாள், பழனி யாத்திரை, தீபாவளி எல்லாமே அவருடைய செல்போனுக்குள் இருந்தன. போனைத் திறக்கும் ரகசிய எண் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவரோ போய்விட்டார். "தாத்தா கைரேகையை வைத்துத் திறக்கலாமே" என்றான் ஒரு சிறுவன். அவனை அதட்டி உட்கார வைத்தார்கள். கடைசியில் மகனுடைய கல்யாண ஆல்பத்தைப் பரணிலிருந்து இறக்கினார்கள். கூட்டத்தோடு நின்ற படத்திலிருந்து தாத்தாவின் முகத்தை மட்டும் பெரிதாக்கினார்கள். பக்கத்தில் நின்ற சம்பந்தியின் தோளும் பாதி அதில் வந்துவிட்டது!

இன்று பல வீடுகளில் நடக்கும் சங்கதி இது. முன்பு ஒரு வீட்டில் பத்துப் படம் இருந்தது. பத்தும் கைக்கு எட்டும். இப்போது பத்தாயிரம் இருக்கிறது. ஒன்றும் கைக்கு எட்டவில்லை.

கம்பெனியார் கையில் நம் குடும்பம்

"போன் போனால் என்ன? படங்கள் இன்டர்நெட்டில் பத்திரமாக இருக்கின்றனவே" என்று சிலர் சொல்வார்கள். இருக்கின்றன. எத்தனை நாளைக்கு?

'ஆர்க்குட்' என்று ஒன்று இருந்தது. நம் நாட்டு இளைஞர்கள் லட்சக்கணக்கில் அதில் சேர்ந்து படங்களைப் போட்டார்கள். 2014 செப்டம்பர் 30-ந் தேதி அதை மூடிவிட்டார்கள். 'மைஸ்பேஸ்' என்பது இன்னொன்று. 2015-க்கு முன்பு அதில் ஏற்றிய படங்களும் பாட்டுகளும், சாமான்களை இடம் மாற்றும்போது தொலைந்து போயின என்று 2019-ல் தெரிவித்தார்கள். மன்னிப்பும் கேட்டார்கள். படம் திரும்பவில்லை.

கூகுள் கம்பெனி படங்களைக் கணக்கில்லாமல் இலவசமாக வைத்துக்கொள்ள இடம் தந்துவந்தது. 2021 ஜூன் 1 முதல் அதற்கு அளவு வைத்துவிட்டது. அளவு தாண்டினால் வாடகை. 2023-ல் மேலும் ஒரு விதி வந்தது. இரண்டு ஆண்டுகள் திறக்கப்படாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை, அவற்றில் உள்ள படங்களோடு அழித்துவிடலாம் என்பது அந்த விதி. அந்த டிசம்பர் முதல் அது அமலுக்கு வந்தது. காலமானவரின் கணக்கை யார் திறக்கப் போகிறார்கள்?

கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. அது தர்ம சத்திரம் அல்ல. அழிக்கும் முன்பு கடிதமும் அனுப்புகிறார்கள். அந்தக் கடிதம் போய்ச் சேருவது, திறக்க முடியாத அதே பெட்டிக்குத்தான்!

ஒட்டுப் புத்தகம்

இதற்கு ஒரு மலிவான வைத்தியம் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் 'ஸ்கிராப் புக்' என்பார்களே, அந்த ஒட்டுப் புத்தகம்தான். படம், அழைப்பிதழ், ரெயில் டிக்கெட், பத்திரிகைத் துண்டு ஆகியவற்றை ஒட்டி, பக்கத்தில் இரண்டு வரி எழுதி வைப்பது. இது புது மோகம் அல்ல. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் 1873-லேயே, பக்கங்களில் முன்கூட்டிப் பசை தடவிய ஒட்டுப் புத்தகத்துக்குக் காப்புரிமை வாங்கி விற்றார்.

நம் வீட்டுப் பெண்மணிகள் மட்டும் சளைத்தவர்களா? 1950-ல் 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது வாராவாரம் அந்தப் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்தார்கள். ஓவியர் மணியத்தின் படங்களை அன்று வந்த அழகில் பார்க்க இன்றும் அந்த பைண்டு புத்தகங்களைத்தான் தேடுகிறார்கள்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகம், பத்திரிகை ஆகியவற்றோடு நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் கசக்கி எறிவதையும் சேர்த்தார். 1992-ல் அவர் காலமானார். சிக்காகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. அது கடல் கடந்து போகவில்லை. 1994-ல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாகப் பிறந்தது. அன்று அதில் ஏறத்தாழ ஒரு லட்சம் இனங்கள் இருந்தன. இன்று தமிழ்நாட்டின் சரித்திரம் எழுதுகிறவர்கள் அங்கே போகாமல் எழுத முடியாது. ஒரு தனி மனிதர் குப்பைக்குப் போக விடாமல் தடுத்த காகிதங்கள்!

எப்படித் தொடங்குவது?

நல்ல கனமான வெள்ளைத் தாள் உள்ள ஒரு நோட்டு வாங்குங்கள். போனில் உள்ள எல்லாவற்றையும் அச்சடிக்கப் புறப்பட வேண்டாம். அது நடக்காது. ஒரு வருஷத்துக்கு முப்பது படம் போதும். ஒரு படம் அச்சடிக்கும் செலவு ஏறக்குறைய ஒரு டீயின் விலைதான். எதை எடுப்பது, எதை விடுவது என்று வீட்டில் சண்டை வரும். வரட்டும். அந்தச் சண்டையில்தான் பழைய கதைகள் வெளியே வருகின்றன.

படத்தின் முதுகில் பசை தடவாதீர்கள். நான்கு மூலைகளிலும் சிறு காகித மூலைகளை ஒட்டி அவற்றில் படத்தைச் செருகுங்கள். வேண்டும்போது எடுக்கலாம். செலோ டேப் கூடவே கூடாது. சில வருஷங்களில் மஞ்சளாகிக் கறையை விட்டுவிட்டு உதிரும். பந்துமுனைப் பேனாவால் படத்தின் பின்னால் எழுதினால் முன்பக்கம் தடம் விழும். பெயர்களைப் படத்துக்குக் கீழே நோட்டில் எழுதுங்கள்.

பத்திரிகைத் துண்டு வெயிலும் காற்றும் பட்டுப் பழுப்பாகும். நல்ல தாளில் அதன் நகல் எடுத்து ஒட்டுவது மேல். கடைகளில் இயந்திரம் துப்பும் வழவழப்பான பில் இருக்கிறதே, அது சூட்டினால் அச்சாவது. எழுத்து சீக்கிரமே மறையும். குழந்தைக்கு முதல் சைக்கிள் வாங்கிய பில்லை அப்படியே ஒட்டினால் பிறகு வெற்றுத் தாள்தான் மிஞ்சும். அதற்கும் நகல்தான் வழி.

கரையானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் காகிதம் விருந்து. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றோடு கற்பூரமும் சேர்த்துத் துணியில் முடிந்து சுவடிகளின் அருகே வைப்பார்கள். உங்கள் அலமாரியிலும் ஒரு முடிச்சு வைக்கலாம். மணம் போனதும் மாற்றுங்கள்.

காகிதத்தை மட்டும் நம்பலாமா?

கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளின் கல்யாண ஆல்பங்கள் நனைந்து பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்டன. அன்று நகலைப் போனிலோ இன்டர்நெட்டிலோ வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். ஆகவே நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து வெளியூரில் இருக்கும் மகளுக்கோ தம்பிக்கோ அனுப்பி வையுங்கள். போனின் ரகசிய எண்ணை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வையுங்கள். நோட்டையும் தரையோடு ஒட்டிய தட்டில் வைக்காதீர்கள். மேல் தட்டில் வையுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்தைத் தொடங்குவதானால், வீட்டில் மூத்தவர் யாரோ அவரிடமிருந்து தொடங்குங்கள். பழைய குரூப் படம் ஒன்றை அவர் முன் வையுங்கள். "இது யார்? இவர் நமக்கு என்ன உறவு? எந்த ஊர்?" என்று பேரப்பிள்ளைகள் கேட்கட்டும். அவர் சொல்லச் சொல்ல அவர்களே எழுதட்டும். எழுத்துப் பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். இடப்பக்கம் மூன்றாவதாக நிற்கும் அந்த மீசைக்காரர் யார் என்று வீட்டில் இன்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.