வேடியப்பனுக்கும் ஒரு படநூல் வேண்டும்

உரோமைப் போர்வீரர்களைப் பற்றிய ஆங்கிலப் படநூல்களை நூலகப் பாடவேளையில் யார் முதலில் எடுப்பது என்று எங்களுக்குள் போட்டியே நடக்கும். ஒரு பக்கத்தில் தலைக்கவசம், மறுபக்கத்தில் அடியில் ஆணி அறைந்த செருப்பு. அவர்கள் எறியும் ஈட்டி கேடயத்தில் தைத்துவிட்டால் எளிதில் பிடுங்க வராது. எதிரி கேடயத்தையே போட்டுவிட வேண்டியதுதான்! புனித பவுலடியார் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் 6ஆம் அதிகாரத்தில் வரும் இடைக்கச்சையும் மார்புக்கவசமும் அப்படங்களைக் கண்ட பிறகுதான் எங்களுக்கு நன்கு விளங்கின.

ஓவியர்கள் இவற்றை எங்கிருந்து அறிந்தார்கள்? பெரும்பகுதி கல்லிலிருந்துதான். உரோமை நகரில் கி.பி. 113இல் திறக்கப்பெற்ற திரயான் பேரரசரின் தூணில் 2,500க்கும் மேற்பட்ட உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன.

அப்படியானால் நம்மிடம் கல் இல்லையா? ஊத்தங்கரையைச் சுற்றிலும் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் வேடியப்பன் என்று கும்பிடுகிறோமே, அவர்களுள் பலர் நடுகல் வீரர்களே. கையில் வில் அல்லது வாள், இடையில் குறுவாள், முடிந்த கொண்டை, சிலரது உடலில் தைத்த அம்புகள், காலருகே கெண்டியும் சிமிழும்! பெரும்பாலோர் ஊர் மாடுகளை மீட்கும் சண்டையில் பட்டவர்கள். (மாடு கவரப் போய் மாண்டவர்களுக்கும் கல் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது.) புலியோடு போராடி மடிந்தவர்களும் உண்டு.

சிங்காரப்பேட்டையைத் தாண்டினால் வரும் செங்கம் வட்டாரத்து எடுத்தனூர்க் கல்லை எங்களுக்கு மிகவும் பிடிக்கும். அது பல்லவன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவன் நாயும் அதில் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதாம். ஒரு நாயின் பெயரைக்கூடக் கல்லில் வெட்டி வைத்த மக்கள் நம் முன்னோர்!

தொல்லியல் துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலையும், 1975இல் ‘தருமபுரி கல்வெட்டுகள்’ என்ற நூலையும் வெளியிட்டது. அவை அறிஞர்க்குரியவை. ஆறாம் வகுப்புத் தங்கை ஆசையோடு புரட்டும் வண்ணப் படநூல் எங்கள் கைக்கு எட்டவில்லை. சீசரின் வாளை அறிந்த எங்களுக்கு எங்கள் ஊர் வீரனின் வில்லைப் பற்றி ஒரு வரி எழுதத் தெரியாதென்றால், அது யாருக்குப் பெருமை?

சாமியைப் படநூலில் போர்வீரனாக வரைவது தகுமா என்று சில பெற்றோர் கேட்கலாம். புனித செபஸ்தியாரும் உரோமைப் படைவீரர் என்றே மரபு கூறுகிறது. அம்பு தைத்த அவரது படத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். அதனால் நம் பக்தி குறைந்துவிடவில்லையே!

நூல் வரும்வரை கல் காத்திருக்குமா என்பதே எங்கள் கவலை. எண்ணெய்ப் பிசுக்கும் பெயிண்டும் ஏற ஏற வட்டெழுத்து மறைகிறது. சாலை அகலமாகும்போது கல் ஓரத்தில் சாய்க்கப்படுகிறது. ஆகவே கிராமங்களிலிருந்து வரும் தோழியரே, இவ்விடுமுறையில் உங்கள் ஊர்க் கல்லைப் பென்சிலால் வரைந்து, ஊர்ப்பெயரையும் இடத்தையும் குறித்து வாருங்கள். கல்லைச் சுரண்டவோ கழுவவோ வேண்டாம். ஓவிய ஆசிரியை அவற்றைத் தொகுத்துத் தைத்துத் தந்தால், நூலகத்தில் உரோமை வீரர்களுக்குப் பக்கத்திலேயே ஓரிடம் ஒதுக்கித் தரும்படி அருட்சகோதரியை நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.