காற்றைப் பிடிக்க அரை விநாடி

வாரம் ஒரு தலைப்பு. ஏழு நாள் அவகாசம். கொடுக்க வேண்டியது ஒரே ஒரு படம். புகைப்படப் பிரியர்கள் உலகெங்கும் ஆடுகிற ஆட்டம் இது. 'கதவு', 'சிவப்பு' என்றெல்லாம் தலைப்பு வரும் வரை கவலையில்லை. 'காற்று' என்று வந்தால்? கண்ணுக்கே தெரியாத சமாசாரத்தை எந்தக் காமிராவில் பிடிப்பது?

பெரும்பாலோர் என்ன செய்வார்கள் என்று சொல்லிவிடலாம். பறக்கும் புடவைத் தலைப்பு, பட்டம், குழந்தை கையில் காகிதக் காற்றாடி. அழகாகத்தான் இருக்கும். ஆனால் 1/1000 விநாடியில் ஷட்டர் விழுந்தால், பறக்கிற புடவை கூடக் கஞ்சி போட்டு நிறுத்தியது போல விறைத்துக்கொண்டு நிற்கும். காற்று அதில் இருக்காது.

இந்தத் தலைப்பைச் சோதித்துப் பார்க்கச் சரியான இடம் நல்லேப்பிள்ளி. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வயல், வரப்பு, வரப்பு மேல் பனை. தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் குடித்தனம் நடத்துகிற எல்லைப் பகுதி. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு நடுவே 30 முதல் 40 கி.மீ. அகலத்துக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறதே, பாலக்காட்டுக் கணவாய், அந்த வாசலில் இருக்கிறது ஊர். தென்மேற்குப் பருவத்தில் காற்று கேரளத்திலிருந்து கோவைப் பக்கம் ஓடும். கார்த்திகை பிறந்தால் திசை மாறிக் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும். மலையாளிகள் அதை விருச்சிகக் காற்று என்கிறார்கள். பனையோலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தே இது ஆடியா மார்கழியா என்று சொல்லிவிடலாம்.

பாலக்காட்டுப் பனை என்றதும் ஒரு படம் நினைவுக்கு வரும். அஸ்தமனச் சூரியன், ஆரஞ்சு வானம், கறுப்பாக நாலு பனை. காலண்டர்காரர்கள் இதை எடுத்துத் தீர்த்துவிட்டார்கள். இந்தப் படத்தில் பனை அசைவதே இல்லை. அங்கே நிற்பவர் காதில் விழும் ஓலைச் சத்தத்தில் ஒரு துளி கூட அதில் கிடையாது.

செய்ய வேண்டியது நேர்மாறான காரியம். ஷட்டரை வேகமாக மூடாமல், மெதுவாக மூட வேண்டும். அரை விநாடி திறந்திருந்தால் ஓலைகள் புகை போலக் கலைந்து போகும். தடித்த அடிமரம் ஆணியடித்தது போல நிற்கும். அசைவதும் அசையாததும் ஒரே சட்டத்துக்குள் வந்தால்தான் கண் நம்பும். மொத்தப் படமும் கலங்கினால் பார்ப்பவர் காற்றை நினைக்க மாட்டார், எடுத்தவருக்குக் கை நடுக்கம் என்றுதான் நினைப்பார். எனவே முக்காலி கட்டாயம். ட்ரைபாட் இல்லாதவர்களுக்கு வரப்பும் ஒரு மணல் மூட்டையும் போதும்.

சிக்கல் வெளிச்சத்தில். நடுப்பகல் வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, அப்பர்ச்சர் எஃப் 22 என்று வைத்தாலும் 1/50 விநாடிக்கு மேல் ஷட்டரைத் திறந்து வைக்க முடியாது, படம் வெளுத்துவிடும். லென்ஸ் முன்னால் 32-ல் ஒரு பங்கு ஒளியை மட்டும் உள்ளே விடும் சாம்பல் நிறக் கண்ணாடியை மாட்டினால் அரை விநாடிக்குச் சற்று அதிகமாகவே கிடைக்கும். காசில்லாதவர்கள் வெல்டிங் பட்டறைக் கண்ணாடியை ரப்பர் பாண்ட் போட்டுக் கட்டுகிறார்கள். படம் பச்சையாக வரும், கறுப்பு வெள்ளையாக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கண்ணாடி ரொம்ப இருட்டு. பல விநாடிகள் திறக்க வேண்டியிருக்கும், ஓலையே காணாமல் போய்விடும். எதுவும் வேண்டாம் என்றால் சூரியன் எழுமுன் போய் நிற்க வேண்டியதுதான்.

கைபேசிக்காரர்களுக்குச் சலுகை உண்டு. அதன் அப்பர்ச்சர் பெரும்பாலும் மாறாது. எனவே படபடவென்று பல படங்கள் எடுத்து, அவற்றை ஒன்றாகக் குழைத்து 'நீண்ட எக்ஸ்போஷர்' என்று கொடுத்துவிடுகிறது. இது மோசடியா? கனடாவின் ஜெஃப் வால் 1993-ல் முடித்த 'எ சடன் கஸ்ட் ஆஃப் விண்ட்' என்ற படத்தைப் பாருங்கள். வயல்வெளியில் திடீர்க் காற்று. ஒருவர் கையிலிருந்த காகிதங்கள் வானத்தில் சிதறுகின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைக் கம்ப்யூட்டரில் ஒட்டிச் செய்தது அது. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் மரச்செதுக்குப் படம் ஒன்றைத் தழுவியது என்று தலைப்போடு சேர்த்தே சொல்லிவிட்டார். சொல்லிவிட்டுச் செய்தால் கலை, மறைத்தால்தான் மோசடி.

காற்றையே நேராகப் படமெடுத்தவரும் உண்டு. பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியேன் ழூல் மாரே. 1899-லிருந்து 1902 வரை கண்ணாடி முகப்பு வைத்த பெட்டிக்குள் இழை இழையாகப் புகையை ஓடவிட்டு, குறுக்கே ஒரு தடையை வைத்து, மக்னீசிய வெளிச்சத்தில் படமெடுத்தார். தடையில் மோதிப் பிரிந்து, பின்னால் சுருண்டு செல்லும் காற்று அப்படியே தெரிகிறது. அவர் நோக்கம் விஞ்ஞானம். இன்று பார்த்தால் பல ஓவியங்களை விட அழகு.

மாரேயின் புகைப்பெட்டிக்குச் சமமான ஒன்று நம் களத்துமேட்டில் இருந்தது: நெல் தூற்றுவது. கனமான மணி நேராகக் காலடியில் விழும், பதர் காற்றோடு தள்ளிப் போய் விழும். எதிர்வெயிலில் நின்று 1/15 விநாடியில் எடுத்தால் இரண்டும் இரண்டு விதக் கோடுகளாக விழும். காற்று என்ன வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல படம் கிடையாது. ஆனால் இப்போது பாலக்காட்டு வயல்களில் அறுவடை இயந்திரம் இறங்கிவிட்டது, அவற்றில் பல தமிழ்நாட்டிலிருந்தே வாடகைக்குப் போகின்றன. அறுப்பது, அடிப்பது, தூற்றுவது எல்லாம் அதன் வயிற்றுக்குள் முடிந்துவிடும். இதற்காக ஒரு பாட்டியை வயலில் நிறுத்தி, முறத்தைக் கொடுத்து, 'தூற்றுங்க பாட்டி' என்றால் அது நாடகம். நாடகம் என்று அடியில் எழுதினால் சரி. எழுதாமல் 'கிராமத்து வாழ்க்கை' என்று பரிசுக்கு அனுப்புகிறவர்கள்தான் அதிகம்.

இதை விட மோசமானது ஒன்று உண்டு. சித்தூர் வட்டாரம் கேரளத்துக்கே கள் இறக்கிக் கொடுக்கிற பூமி. காற்று வீசும்போது மரத்தில் ஏறியிருப்பவருக்குக் காற்று அழகல்ல, ஆபத்து. 'காற்று' என்ற தலைப்புக்கு அவர் இல்லாத படம் பாதிப் படம் என்பேன். ஆனால் ஷட்டர் சரியாக விழவில்லை என்பதற்காக, 'அண்ணா, இன்னொரு தடவை ஏறுங்க' என்று கேட்பவர் காமிராவைத் தொடத் தகுதியில்லாதவர். அவர் தினமும் ஏறுகிறார். நமக்கு ஏழு நாள் இருக்கிறது, அடுத்த நாள் காத்திருக்கலாம்.

இரவுக்கும் இந்த மாவட்டத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. பகவதி கோயில்களில் நடக்கும் தோல்பாவைக்கூத்து. பாடுவது கம்பராமாயணம் என்பது தமிழர்கள் பலருக்குத் தெரியாது. திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் 21 விளக்கு. சுடர் ஆடினால் ராமனும் ராவணனும் சேர்ந்து மூச்சு விடுவார்கள். வேகமான ஷட்டரில் எடுத்தால் வெட்டிய தோல் மட்டும்தான் மிஞ்சும். கால் விநாடி, அரை விநாடி கொடுத்துப் பாருங்கள். ஃபிளாஷை மட்டும் பையிலேயே வைத்துவிடுங்கள். திரையில் பட்டால் நிழல் செத்துப்போகும்.

காமிராவே இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஜான் ஹெர்ஷல் 1842-ல் கண்டுபிடித்த சயனோடைப். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு இரண்டையும் தண்ணீரில் கரைத்துக் கலந்து, நிழலில் வைத்துக் காகிதத்தில் பூசி, இருட்டில் காய வையுங்கள். மேலே ஒரு சின்னப் பனங்குருத்தை வைத்து வெயிலில் காட்டுங்கள். எல்லோரும் இலை நகராமலிருக்க மேலே கண்ணாடி வைத்து அழுத்துவார்கள். வேண்டாம். காம்பை மட்டும் குண்டூசியால் குத்தி நிறுத்துங்கள். விருச்சிகக் காற்றும் வெயிலும் சேர்ந்து வரும் டிசம்பர், ஜனவரி இதற்குத் தோதான மாதங்கள். பத்து, பதினைந்து நிமிடம் கழித்துத் தண்ணீரில் அலசினால் பின்னணி நீலமாகும். அசையாத காம்பு வெள்ளையாக, கூர்மையாக நிற்கும். காற்று தொட்ட ஓலை நுனிகள் மட்டும் வெளிர் நீலத்தில் கரைந்திருக்கும்.